சிங்க மீன்: மூன்று கடல்களின் வரலாறு

பவளப்பாறைகளை அண்டி வாழும் மீன்களுள் சிங்க மீனைப் போல மனிதக் கண்ணைக் கவர்ந்தவை சிலவே. அந்தக் கவர்ச்சியின் விளைவாகவே தாய்க்கடலை விட்டு வேற்றுக் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே குற்றவாளியாக நிறுத்தப்பட்ட மீன் இதைப் போல இன்னொன்றைக் காட்டுவது கடினம். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இம்மீனை மூன்று விதமாக இடம்பெயர்த்திருக்கிறார்கள். ஓவியமாகத் தாளில் ஏற்றினார்கள். சாராயத்தில் ஊறிய உடலாகப் புட்டியில் அடைத்தார்கள். இறுதியில் உயிருடன் கண்ணாடித் தொட்டியில் விட்டார்கள். மூன்று முறையும் மீன் வந்தது. அது வாழ்ந்த பாறை உடன் வரவில்லை. இந்த ஒரு விடுபடலால் நேர்ந்தது என்ன என்பதையே இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போகிறோம்.

தோற்றம்

சிங்க மீன் பெரிய மீனன்று. தாயகத்தில் அதன் நீளம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் வரை செல்லும். உடல் முழுவதும் செம்பழுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி ஓடும் குறுக்குக் கோடுகள். கண்களுக்கு மேலே கொம்பு போல எழும் இரு தசை நீட்சிகள். வாயைச் சுற்றித் தொங்கும் சிறு தசைத் துணுக்குகள். மார்புத் துடுப்புகள் விசிறியை விரித்தாற்போல இருபுறமும் அகன்று நிற்கின்றன. முதுகில் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும் முட்கள், தூரத்திலிருந்து பார்க்கையில் பிடரி மயிரின் தோற்றத்தைத் தருகின்றன. சிங்கம் என்ற பெயர் வந்தது இதனால்தான்.

ஆங்கிலத்தில் இம்மீனுக்கு வேறு பெயர்களும் உண்டு. வான்கோழி மீன் என்பர். நெருப்பு மீன் என்பர். வரிக்குதிரை மீன் என்றும் சொல்வர். இப்பெயர்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒன்றுகூட அது வாழும் இடத்தைச் சொல்லவில்லை. எல்லாமே நிலத்திலிருந்து பார்த்தவர்கள், நிலத்தில் தாங்கள் அறிந்த ஒன்றை நினைவுகூர்ந்து வைத்த பெயர்கள். அறிவியல் பெயரும் இதற்கு விலக்கல்ல. டெரோயிஸ் என்ற பேரினப் பெயர் சிறகுடையது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வோலிடன்ஸ் என்ற சிற்றினப் பெயர் பறப்பது என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஆனால் இம்மீன் பறப்பதில்லை. வேகமாக நீந்துவது கூட இல்லை. அவசரம் அறியாத உயிர் அது. அதன் நிதானத்துக்குக் காரணம் அதன் கவசம்.

கவசம்

சிங்க மீனின் முதுகுத் துடுப்பில் 13 முட்களும், குதத் துடுப்பில் 3 முட்களும், இடுப்புத் துடுப்புகள் இரண்டிலும் ஒவ்வொன்றாக 2 முட்களும் உள்ளன. ஆக மொத்தம் 18 நச்சு முட்கள். பார்ப்பவரை மிரட்டும் அந்த அகன்ற மார்புத் துடுப்புகளில் நஞ்சு கிடையாது என்பது வியப்புக்குரியது. மிரட்டுவது ஓரிடம், தண்டிப்பது வேறிடம்.

ஒவ்வொரு முள்ளிலும் நீளவாக்கில் இரு பள்ளங்கள் ஓடுகின்றன. அப்பள்ளங்களில் நஞ்சைச் சுரக்கும் திசு படிந்திருக்கிறது. முள் முழுவதையும் ஒரு மெல்லிய தோலுறை மூடியிருக்கிறது. முள் ஒரு உடலுக்குள் பாயும்போது இவ்வுறை கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது, திசு நசுங்குகிறது, நஞ்சு பள்ளங்களின் வழியே காயத்துக்குள் ஏறுகிறது. பாம்பைப் போல நஞ்சைப் பீய்ச்சி ஏற்றும் தசை இம்மீனுக்கு இல்லை. அழுத்துகிறவனின் விசையே நஞ்சை அவனுக்குள் செலுத்துகிறது. அதாவது இது தாக்கும் கருவியன்று. தீண்டியவனுக்கு அவன் விசையையே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. இரை பிடிக்க சிங்க மீன் இந்த முட்களைப் பயன்படுத்துவதே இல்லை.

மனிதனுக்கு இந்த முள் குத்தினால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும்; சிலருக்கு வாந்தியும் மூச்சுத் திணறலும் நேரும். உயிரிழப்பு மிக அரிது. இந்நஞ்சு புரதத்தால் ஆனது, வெப்பத்தில் சிதையக்கூடியது. எனவேதான் குத்துப்பட்ட இடத்தைத் தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைப்பது முதலுதவியாகக் கொள்ளப்படுகிறது.

இனி, அது இரை தேடும் விதத்தைக் காண்போம். மார்புத் துடுப்புகளை விரித்துக்கொண்டு, சிறு மீனைப் பாறையின் ஒரு மூலைக்கு மெல்ல ஒதுக்கிக் கொண்டுபோகும். பிறகு ஒரு கணத்தில் வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கிவிடும். சில வேளைகளில் இரையின் முகத்தை நோக்கி நீரைப் பீய்ச்சும் வழக்கமும் உண்டு என்பதை ஆய்வாளர்கள் 2012-இல் பதிவு செய்தனர். நீரோட்டத்தை எதிர்நோக்கித் திரும்புவது மீன்களின் இயல்பு. ஆகவே பீய்ச்சப்பட்ட நீரை நோக்கித் திரும்பும் சிறு மீன், தன் தலையை நேரே வேட்டையாடியின் வாய்க்குக் காட்டி நிற்கிறது.

வாழிடம்

செங்கடல் தொடங்கி இந்தியப் பெருங்கடல், இந்தோனேசியத் தீவுகள், ஜப்பானின் தென்பகுதி, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை விரிந்த வெப்பக் கடற்பரப்பு சிங்க மீன்களின் தாயகம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் இவ்வினத்தார் உண்டு. பகலில் பாறை விளிம்புகளின் அடியிலும் குகைகளிலும் ஒதுங்கியிருக்கும். பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கியபடி. அந்தி மயங்கும் வேளையிலும் விடியலுக்கு முன்னும் வேட்டைக்குப் புறப்படும்.

அங்கே அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளின் பயன் வேறு. தட்டில் வைத்த சிங்க மீன் கண்ணைப் பறிக்கும். பவளக் கிளைகளும் கடல் விசிறிகளும் நிழலும் ஒளியும் பின்னிக் கிடக்கும் பாறையில் அதே கோடுகள் மீனின் உருவரையைக் கலைத்துவிடுகின்றன. அங்கு அது ஒரு பாசிக்கொத்தாகவோ உதிர்ந்த கிளையாகவோ தோன்றுகிறது. நெருங்கி வந்த பெரிய மீனுக்கு அக்கோடுகள் எச்சரிக்கையாகின்றன. ஒரே கோடு இரைக்கு மறைப்பாகவும் பகைக்கு அறிவிப்பாகவும் இருக்கிறது. எனினும் அந்த அறிவிப்பு எல்லோரையும் தடுப்பதில்லை. செங்கடலில் பிடிபட்ட குழல்வாய் மீன் ஒன்றின் வயிற்றில் சிங்க மீன் இருந்ததை 1991-இல் வெளியான ஆய்வுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது.

ஆக, கவசம் என்பது மீனின் உடலில் மட்டும் இருப்பதன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது ஓர் உறவு. எச்சரிக்கையை அறிந்த பகைவரும், ஆபத்தை அறிந்த இரையும், அவ்விருவரையும் வடித்தெடுத்த நீண்ட காலமும் சேர்ந்தே அக்கவசத்தை அளவோடு வைத்திருக்கின்றன. தாயகத்தில் சிங்க மீன்கள் பெரும் எண்ணிக்கையில் காணப்படுவதில்லை.

தாளில் ஏறிய மீன்

கிழக்கின் பாறைமீன்களை ஐரோப்பியர் முதலில் அறிந்தது பெரும்பாலும் அம்போன் தீவின் வழியாகத்தான். நறுமணப் பொருள் வணிகத்துக்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே நிலைகொண்டிருந்தது. கம்பெனியில் பணியாற்றிய சாமுவேல் ஃபாலூர்ஸ் வரைந்த ஓவியங்களை ஆதாரமாகக் கொண்டு, லூயி ரெனார்ட் என்பவர் 1719-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வண்ண நூலை வெளியிட்டார். 100 தகடுகளில் 460 உருவங்கள். மீன்களும் நண்டுகளும் கண்கூசும் வண்ணத்தில் அதில் நிரம்பியுள்ளன. இறுதிப் பகுதியில் ஒரு கடற்கன்னியும் இருக்கிறாள்! கற்பனையும் உண்மையும் ஒரே தூரிகையால் வரையப்பட்ட அந்நூலில், உயிர்கள் எல்லாம் வெறும் தாளில் மிதக்கின்றன. பின்னால் பாறையும் இல்லை, கடலும் இல்லை.

1758-இல் லின்னேயஸ் தம் இயற்கை ஒழுங்கு நூலின் பத்தாம் பதிப்பில் சிங்க மீனுக்கு இலத்தீன் இருபெயரிட்டார். கிழக்குக் கடலை அவர் கண்டதில்லை. முதுகில் முள் இருப்பதை முதன்மையாகக் கொண்டு, ஐரோப்பிய ஓடைகளில் வாழும் சிறு முள்முதுகு மீன்களின் பேரினத்தில் இதையும் சேர்த்துவிட்டார். பின்வந்தோர் இதைத் தேள்மீன்களோடு சேர்த்தனர். டெரோயிஸ் என்ற தனிப் பேரினத்தை 1817-இல் ஓக்கன் அமைத்தார்.

இக்காலத்தில் மீன்கள் சாராயப் புட்டிகளில் கப்பலேறின. இவ்வகையில் தரங்கம்பாடிக்கும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பெர்லின் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிளாக்குக்கு நம் கரையோர மீன்களை அனுப்பி வந்தார். அந்நன்றியின் அடையாளமாக ஒரு மீன் பேரினத்துக்கு ஜானின் பெயரையே பிளாக் சூட்டினார். சாராயம் உருவத்தைக் காக்கும், வண்ணத்தை அழித்துவிடும். முட்களை எண்ணலாம், அளக்கலாம். அம்முட்கள் யாருக்கு எதிராக நிமிர்ந்தன என்பதைப் புட்டி சொல்லாது.

இதனினும் நெருக்கமான பார்வை சோழமண்டலக் கரையின் வடபகுதியில் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களின் வருணனையையும் படங்களையும் 1803-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு யாதெனில், மீன்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களை ரஸ்ஸல் தலைப்பாகவே தந்திருப்பதுதான். சிங்க மீன் அங்கே ‘கோடிபுங்கி’ என்ற பெயரில் இடம்பெறுகிறது. அச்சொல்லின் முற்பகுதி, தெலுங்கில் கோழியைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறது. 1831-இல் எட்வர்ட் டர்னர் பென்னெட் இவ்வினத்துக்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார். மீனவர் சொல் பின்னுக்குப் போய், அதை எழுதிவைத்தவரின் பெயர் முன்னுக்கு வந்தது.

இலங்கையின் பங்கு இவ்வரலாற்றில் இன்னும் பெரியது. அங்கே அரசுப் பணியில் இருந்த ஜான் விட்சர்ச் பென்னெட் என்னும் மற்றொரு பென்னெட், தீவின் தென்பகுதியில் உயிருள்ள மீன்களைப் பார்த்து வரையப்பட்ட படங்களைக் கொண்டு 1828 முதல் 1830 வரை இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் ஒரு சிங்க மீனுக்கு மிலெஸ் என்று பெயரிட்டார். இலத்தீனில் அது படைவீரன் என்று பொருள்படும். நெடுங்காலம் இம்மீனை வோலிடன்ஸிலிருந்து வேறல்ல என்றே பலர் கருதினர். துடுப்பில் ஒரு கதிர் குறைவு என்பது போன்ற நுண்ணிய வேறுபாடுகளை முன்வைத்து, 1986-இல்தான் இரண்டும் தனித்தனி இனங்கள் என்று மீண்டும் நிறுவப்பட்டது. அந்தப் படைவீரனைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தொட்டியிலிருந்து அட்லாண்டிக்குக்கு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விமானப் போக்குவரத்தும் செயற்கைக் கடல் உப்பும் சேர்ந்து, பவளப்பாறை மீன்களை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தன. சிங்க மீன் தொட்டிப் பிரியர்களின் விருப்பத்துக்குரியதாயிற்று. வெறுந்தாளில் மிதந்த மீன் இப்போது கண்ணாடிக்குப் பின்னே மிதந்தது. ஆனால் தாளிலிருந்த மீன் பசியெடுத்து வளரவில்லை. தொட்டியிலிருந்த மீன் வளர்ந்தது. உடன் விட்ட சிறு மீன்களை விழுங்கியது. இனி வைத்துக்கொள்ள இயலாது என்று கருதிய யாரோ சிலர் அதைக் கடலில் விட்டனர். கொல்ல மனமில்லாத இரக்கமே அதன் காரணமாகவும் இருந்திருக்கலாம்.

1985-இல் ஃபுளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அப்பால் ஒரு சிங்க மீன் பிடிபட்டது. அட்லாண்டிக்கில் இம்மீனைப் பற்றிய முதல் உறுதியான பதிவு இதுவே. 1992-இல் ஆண்ட்ரூ புயலில் உடைந்த ஒரு தொட்டியிலிருந்து ஆறு மீன்கள் தப்பியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்ற கதை பின்னாளில் பரவலாகியது. ஆனால் ஆண்டுகளே அதை மறுக்கின்றன. அச்செய்தியை முதலில் அச்சேற்றிய ஆய்வாளரும் பின்னர் அதைக் கைவிட்டார். புயல் மேல் பழி போடுவது எளிது, புயலுக்கு முகமில்லை. மரபணு ஆய்வுகளோ, அட்லாண்டிக்கில் பரவிய பெருந்திரளும் மிகக் குறைவான தாய்மீன்களின் வழிவந்தது என்று காட்டின. அத்திரளில் பெரும்பான்மை வோலிடன்ஸ், சிறுபான்மை மிலெஸ்.

2000-இல் வட கரோலினாவிலும் பெர்முடாவிலும் அது காணப்பட்டது. 2004-இல் பஹாமாஸ், 2007-இல் கியூபா, 2008-இல் ஜமைக்கா, 2010-இல் மெக்சிகோ வளைகுடா என்று பரவல் தொடர்ந்தது. 2014-இல் பிரேசிலில் ஒரு மீன் பிடிபட்டது. 2020-க்குள் பெர்னாண்டோ டி நொரோனா தீவுகளுக்கும் அது சென்றடைந்தது. ஒரு பெண் மீன் ஓராண்டில் ஏறத்தாழ இருபது இலட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். கூழ்போன்ற இரு திரள்களாக முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாத காலம் நீரோட்டத்தில் அலையும். கடல் நீரோட்டமே அதன் வாகனம்.

பஹாமாஸின் பாறைகளில் ஒரு ஹெக்டேருக்கு 390-க்கும் மேற்பட்ட சிங்க மீன்கள் இருந்ததை 2008-இல் நடந்த கணக்கெடுப்பு காட்டியது. அங்கே சிறு பாறைத்திட்டுகளில் நடந்த சோதனையில், ஒரே ஒரு சிங்க மீன் ஐந்து வாரங்களில் புதிதாகக் குடியேறும் குஞ்சு மீன்களை 79 விழுக்காடு குறைத்தது. அரை மணி நேரத்தில் இருபது சிறு மீன்களை ஒரு மீன் விழுங்கியதையும் அவ்வாய்வாளர்கள் கண்டனர். பாசியை மேய்ந்து பவளத்தைக் காக்கும் கிளிமீன்களின் குஞ்சுகளும் அந்த வாய்க்குத் தப்பவில்லை. நீர்மூழ்கிகளில் சென்றோர் 300 மீட்டர் ஆழத்திலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

மீன் மாறவில்லை. அதே 18 முட்கள், அதே விசிறித் துடுப்பு, அதே நிதானம். மாறியது சூழல். அந்த உருவம் எதைக் குறிக்கிறது என்று அட்லாண்டிக்கின் சிறு மீன்களுக்குத் தெரியாது. அவற்றின் மரபில் அப்படியொரு வேட்டையாடி இருந்ததில்லை. விரிந்த துடுப்பு நெருங்கி வரும்போது அவை விலகவில்லை. அதை ஒருவேளை உண்டிருக்கக்கூடிய பெரிய களவா மீன்களை மனிதர்கள் முன்பே பெருமளவு பிடித்துத் தீர்த்திருந்தார்கள். தாயகத்தில் அளவோடு நின்ற கவசம், வேற்றுக் கடலில் எல்லையற்ற பாதுகாப்பாயிற்று.

மத்தியதரைக் கடலில் படைவீரன்

அட்லாண்டிக்குக்குத் தொட்டி வழி என்றால், மத்தியதரைக் கடலுக்குக் கால்வாய் வழி. 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்தது. 1991-இல் இஸ்ரேலியக் கரையில் ஒரு சிங்க மீன் பிடிபட்டது. பின்னர் இருபது ஆண்டுகள் அமைதி. 2012-இல் லெபனானில் மீண்டும் தென்பட்டது. அதன்பின் சைப்ரஸ், துருக்கி, கிரேக்கம் எனக் கிழக்குக் கரைகளில் வேகமாக நிலைகொண்டது. துனிசியாவிலும் இத்தாலியிலும் கூடப் பதிவாகியது. நீரின் வெப்பம் கூடியதும் இதற்குத் துணை செய்தது. இவ்வாறு வந்தது இலங்கைக் கரையில் பென்னெட் பெயரிட்ட அதே மிலெஸ். படைவீரன் என்று அவர் வைத்த பெயர், இரு நூற்றாண்டுகள் கழித்துச் செய்தித்தாள்களின் ‘படையெடுப்பு’ என்ற சொல்லோடு பொருந்திப் போனது தற்செயலே. ஆனால் படையெடுப்பவர்க்கு ஒரு நோக்கம் இருக்கும். இம்மீனுக்கு இருந்தது பசி மட்டுமே. வழியை வெட்டியவர்கள் மனிதர்கள்.

பெயர்களின் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. 2018-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, லின்னேயஸ் பெயரிட்ட வோலிடன்ஸே இந்தியப் பெருங்கடலின் மிலெஸ் மரபும் பசிபிக்கைச் சேர்ந்த மற்றொரு மரபும் கலந்து உருவான கலப்பினமாக இருக்கக்கூடும் என்று கூறுகிறது. முட்களையும் கதிர்களையும் எண்ணி நாம் போட்ட எல்லைக்கோடுகளைக் கடல் பொருட்படுத்தவில்லை போலும்.

இன்றைய நிலை

ஃபுளோரிடா 2014-இல் சிங்க மீன் இறக்குமதியைத் தடை செய்தது. கரீபியன் பகுதியில் ஈட்டி கொண்டு அதை வேட்டையாடும் போட்டிகள் நடக்கின்றன. நஞ்சு முட்களில் மட்டுமே உள்ளதால், முட்களை நீக்கிய மீன் உணவாக விற்கப்படுகிறது. முற்றிலும் ஒழிப்பது இயலாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எண்ணிக்கையைக் குறைத்துவைத்த பஹாமாஸ் பாறைகளில் உள்ளூர் மீன்களின் திரள் 50 முதல் 70 விழுக்காடு வரை மீண்டதாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017-இல் மெக்சிகோ வளைகுடாவில் சிங்க மீன்களிடையே தோல் புண் நோய் ஒன்று தோன்றி, சில இடங்களில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தது. புதிய கடலும் மெல்ல மெல்லத் தன் விடையைத் தேடத் தொடங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் இலக்கண மரபில் கருப்பொருள் என்றொரு கருத்து உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய விலங்கு, பறவை, மரம், பூ, தொழில் எனத் தொகுத்து வைத்தார்கள். இதை வெறும் கவிதை உத்தி என்று கடந்து போகிறவர்கள் உண்டு. சிங்க மீனின் வரலாற்றைப் பார்த்தபின் அதன் வேறொரு பொருள் நமக்குத் துலங்குகிறது. ஓர் உயிரை அதன் நிலத்தோடு சேர்த்தே அறிய முடியும் என்பதுதான் அது. ரெனார்டின் தாளும், பிளாக்கின் புட்டியும், வீட்டுத் தொட்டியும் மீனைத் தனியே காட்டின. அப்படிக் காட்டியதால் நமக்குப் பெரும் அறிவு கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. முட்களின் எண்ணிக்கை தெரிந்தது, நஞ்சின் தன்மை தெரிந்தது, பெயர்களும் கிடைத்தன. விடுபட்டது நிலம். அந்த விடுபடலுக்கான விலையை இன்று கொடுப்பவை பஹாமாஸின் பாறைகளில் வாழும் சிறு மீன்கள்.

மன்னார் வளைகுடாவில், அந்தி சாயும் வேளையில், ஒரு சிங்க மீன் தன் குகையிலிருந்து வெளிவரும். அங்கே அது யாருக்கும் பகையன்று. தன் கடலில் உரிய அளவோடு வாழும் ஓர் உயிர். அதே மீனைக் குற்றவாளி என்று அழைக்கும் முன், அதை வீட்டிலிருந்து எடுத்து வந்த கை யாருடையது என்று கேட்பது நம் கடமை.